ராகு காலத்தில் ஒரு சுற்று

ஓமலூரில் முதன்முதலாக ஆகாய விமானத்தில் ஏறியவர் யார் என்று எங்கள் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் ஜமீன்தார்போல ஊரை ஆண்ட மிட்டாதாரைத்தான் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்குக் கீழேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்குப் பேசிக்கொண்டபடி அது உண்மைதான். ஆனால் அவர் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அதே விமானத்தில், அதே பலகையில், ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள். அவள் என் பெண்சாதி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி அலறியவன் நான்.

எனக்குத் தொழில் காஸ் லைட் வாடகைக்கு விடுவது. கல்யாணம், சாமி ஊர்வலம், கூத்து, எதுவானாலும் என் விளக்கு போகும். விளக்கோடு நானும் போவேன், என்னோடு என் வாயும் போகும். விளக்கிலாவது மண்ணெண்ணெய் தீரும், உங்க வாயில எதுவும் தீராது என்பாள் என் பெண்சாதி. ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. லைட்டுக்காரர் என்றால்தான் தெரியும்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. சேலத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஒரு நாள் என் கடைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும் விமானம் ஒன்று ஓமலூருக்கும் வரப்போகிறது, சீட்டு விற்கும் பொறுப்பு தம்முடையது என்றார்.

“வரட்டும் பாய்! மொதச் சீட்டு எனக்கு. ரெண்டாஞ் சீட்டு எம்பட ஊட்டுக்காரிக்கு. எழுதிக்கங்க!” என்று தொடையைத் தட்டினேன். கடையில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். மழையே ஒழுங்காக வராத ஊருக்கு விமானமா வந்துவிடப்போகிறது என்பதுதான் என் தைரியம்.

கடைக்குப் பின்கட்டுதான் எங்கள் வீடு. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கட்டுத்தறியில் இரண்டு வெள்ளாடுகளைக் காணோம்.

“ஆடு எங்கெ புள்ள?”

“வித்துப்போட்டனுங்க.”

“எதுக்கு?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சீட்டுகளை எடுத்து நீட்டினாள். ஒன்றில் ஒன்று என்றும் இன்னொன்றில் இரண்டு என்றும் போட்டிருந்தது.

“நீங்கதானெ எழுதிக்கங்கன்னு சொன்னீங்க. பாய் எழுதீட்டாருங்க.”

 பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், “உனக்கு எதுக்கு புள்ள இந்த ஆசை? கோழிகூடக் கூரைக்கு மேலெ பறக்கறதில்ல” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “பொறந்த ஊட்டையும் பூந்த ஊட்டையும் ஒருக்காச் சேத்துப் பாக்கோணுமுங்க. கீழெ இருந்துதான் முடியலெ. மேலெ இருந்து பாக்கறேன்” என்றாள்.

அவள் பிறந்தது ஆட்டையாம்பட்டி. ஓமலூரிலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அவ்வளவுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு விரல் மிஞ்சும். அவளுடைய ஆத்தா தனியாக இருந்தாள். போகலாமா என்று இவள் கேட்கும்போதெல்லாம் நான் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: “அவ்வளவு தொலவு போயி வர்றதுன்னா சும்மாவா?” முகூர்த்த மாசத்தில் கடையை விட முடியாது, மற்ற மாசத்தில் தொலைவு. கொஞ்ச நாளில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஆட்டை விற்றதுதான் அவள் அடுத்துக் கேட்ட முறை.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குக் கிழக்கே அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த மேட்டாங்காட்டில் விமானம் மத்தியானமே வந்து இறங்கிவிட்டது. நோம்பி என்று நாங்கள் சொல்லும் திருவிழாக் கூட்டம்தான். பொரிகடலை, முறுக்கு, கலர் சோடா எல்லாம் வந்துவிட்டன. நாலு மணிக்கு முதல் சுற்று என்று பாய் தமுக்கடித்திருந்தார்.

நான் விமானத்தை ஒரு தடவை சுற்றி வந்தேன். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் றெக்கையைத் தட்டிப் பார்த்தேன். தொப் தொப் என்றது.

“பாய், இது துணிங்களா?”

“துணிதான் லைட்டுக்காரரே. மேலே கெட்டியாப் பூச்சுப் பூசியிருக்கு.”

“எம்பட லைட்டுக்குள்ளெ எரியற மேண்டிலும் துணிதானுங்க பாய். ஊதுனா உதுந்துரும்.”

“அதைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக் கல்யாணம் நடத்துறீங்களே!” என்று பாய் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முன்னால் ஒரு குழி, அதில் பலகை போட்டு இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். பின்னால் ஒரு குழி, அது ஓட்டுகிற வெள்ளைக்காரத் துரைக்கு. அவ்வளவுதான் விமானம். மேலே கூரைகூடக் கிடையாது.

பாய் கயிறு கட்டி, சீட்டு நம்பர்ப்படி எங்களை வரிசையில் நிறுத்தினார். மூன்றாம் நம்பர் சேலத்து வக்கீல் ஒருவர். அவர் வரிசையில் நிற்கவில்லை. தமக்குப் பதிலாகக் குமாஸ்தாவை நிறுத்திவிட்டுத் தாம் புளியமர நிழலில் இருந்துகொண்டு, நாற்காலி எங்கே, பயணிக்கு உட்கார இடம் கொடுக்காதது எந்தச் சட்டத்தில் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வாழப்பாடி வெற்றிலை வியாபாரி. அவரிடம் ஒரே சீட்டு, ஆனால் மூன்று பிள்ளைகள்.

“மடியில ஒண்ணு, தோள்ல ஒண்ணு, காலடியில ஒண்ணு. பஸ்ஸுல உடறாங்களே, இதுல ஏன் உடமாட்டீங்க? பஸ்ஸெவிட இது ஒசத்தியா?”

“ஒசத்திதான் அண்ணே. அதனாலதான் உடறதில்லே” என்றார் பாய்.

இதெல்லாம் சில்லறை. நாலு மணிக்குச் சரியாக மிட்டாதாரின் மோட்டார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வில்வண்டி. அதிலிருந்து மேளக்காரர்கள், பூசாரி, ஒரு பட்டுத் திண்டு, வெள்ளிப் படிக்கம், குடை பிடிக்கும் ஆள் எல்லாம் இறங்கினார்கள்.

மிட்டாதார் கெட்டவர் இல்லை. பஞ்சத்தில் கம்பு அளந்து கொடுத்தவர்தான். ஆனால் அவர் பிறந்ததிலிருந்து அவருக்கு முன்னால் ஒருவரும் தாம்பூலம் வாங்கியதில்லை, அதனால் வரிசை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. மாரியம்மன் நோம்பியில் முதல் பரிவட்டத் துணி அவர் தலைக்குத்தான் கட்டுவார்கள். அந்த முதல் மரியாதை எப்பேர்ப்பட்ட சமாச்சாரம் என்பது விளக்குத் தூக்குகிற எனக்குத்தான் தெரியும். பக்கத்து ஊரில் இரண்டு வீட்டார் எனக்குத்தான் முதல், உனக்குத்தான் பிறகு என்று மல்லுக்கட்டி, மண்ணெண்ணெய் தீர்ந்து சாமியே இருட்டில் நின்றதுண்டு. விமானம் இறங்கியிருந்த காடும் மிட்டாதாருடையது. இடம் கொடுத்தவருக்கு முதல் சுற்று, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“பாய், தொரை எங்கெ? வந்து நம்மளெக் கண்டுக்கச் சொல்லு.”

துரை எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கரியேறிய கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினான்.

“செரி, இருக்கட்டும். இந்தத் திண்டெ உள்ள போடு. பக்கத்துல குடைக்காரன் உக்காருவான். படிக்கத்தெக் காலடியில வெச்சுரு.”

“மேலே குடையை விரிச்சாக் காத்து அடிச்சுக்கிட்டுப் போயிரும் சாமி. குடைக்காரனையும் சேத்து.”

“போனா என்ன? வேற ஆளா இல்லெ?”

குடைக்காரன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் என் மனசு புரிந்த ஒரே ஜீவன் அவன்தான்.

“பொறவு, எம்பட மில்லுக்கு மேலெ போறப்ப சித்தெ நேரம் நிக்கச் சொல்லு. சனங்க அண்ணாந்து பாக்கோணும்.”

“நிக்காது சாமி. நின்னா விழுந்துரும்.”

“நாஞ் சொன்னேன்னு சொல்லு.”

பாய் மெல்ல இருமிவிட்டு, “ஒண்ணும் ரெண்டும் இவங்க சீட்டு சாமி” என்று எங்களைக் காட்டினார்.

மிட்டாதார் திரும்பினார். “அப்பிடியாடா லைட்டுக்காரா?”

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! தூக்குமேடைக்குப் போகிறவனிடம், உன் முறையை எனக்குக் கொடுத்துவிடுகிறாயா என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்?

“அது சும்மாக் காயிதமுங்க எசமாங்க! நீங்க ஏறுங்க. நாங்க நாளைக்கோ நாளானிக்கோ, அடுத்த மாசி நோம்பிக்கோ...”

விலாவில் ஒரு கிள்ளு விழுந்தது. “உங்க சீட்டெ நீங்க குடுத்துக்கங்க. எம்பட சீட்டு எம்பட முடிச்சுல இருக்குது” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குள் பூசாரி வெள்ளைப் பூசணிக்காய் மேல் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு விமானத்துக்குத் திருஷ்டி கழிக்கக் கிளம்பிவிட்டார். பாய் அப்போதுதான் தகரத்திலிருந்து பெட்ரோல் ஊற்றி முடித்திருந்தார். மண்ணெல்லாம் ஈரம். எண்ணெயோடு பிழைக்கிறவன் நான். ஒரு தடவை புருவம் இரண்டையும் பறிகொடுத்து ஆறு மாசம் முட்டைபோலத் திரிந்தவன். ‘ஐயோ’ என்று கத்திக்கொண்டு ஓடினேன். தோள் துண்டைக் கற்பூரத்தின் மேல் போட்டேன், போட்ட வேகத்தில் பூசணிக்காயின் மேலேயே விழுந்தேன். தீ அணைந்தது. காயும் நானும் உருண்டோம். காய் மட்டும் உடைந்தது.

லைட்டுக்காரன் தைரியசாலி, ஊரைக் காப்பாற்றினான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் தைரியசாலியாக இருந்தால், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று வாயால் சொல்லியிருப்பான். நெஞ்சால் போய் விழமாட்டான்.

“அபசகுனம்” என்றார் மிட்டாதார். வேறு காய் கொண்டுவர ஊருக்கு வண்டி போயிற்று. வண்டி திரும்பி வந்தபோது அவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து மூடினார்.

“நாலரை ஆயிப்போச்சு. ராகு காலம் பொறந்திருச்சு. ஆறு மணிக்கு மேலெ பாத்துக்கலாம். எனக்கு முன்னாடி ஆரும் ஏற வேண்டாம்.”

ராகுவின் மேல் எனக்கு அவ்வளவு பக்தி அதுவரை இருந்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் பாய் துரையிடம் ஓடிப் பேசிவிட்டுத் தொங்கிய முகத்தோடு வந்தார்.

“இருட்டிட்டா இறக்க முடியாதாம். ஆறுக்கு மேலே ஒரே ஒரு சுத்துத்தான். விடியக்காலம் வேற ஊருக்குப் போறான். ஆறு வரைக்கும் சும்மா நின்னா உங்க யாருக்கும் கிடையாது. பணத்தைத் திருப்பித் தர்றேன், வாங்கிக்கிட்டுப் போங்க.”

வரிசை கொந்தளித்தது. வக்கீல் நிழலிலிருந்தே நோட்டீஸ் விடுவேன் என்றார். வெற்றிலை வியாபாரி மூன்று பிள்ளைகளையும் அழவிட்டார். மிட்டாதாருக்கு நேரே போய் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஒருவருக்கும் கால் எழவில்லை. நான் என் பெண்சாதியைப் பார்த்தேன். அவள் தெற்கே கஞ்சமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் ஆட்டையாம்பட்டி. அழுவாள் என்று நினைத்தேன். ‘போலாம் வா புள்ள’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் பயத்துக்கு அனுதாபத்தின் வேஷம் போட்டு.

அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தாள். மிட்டாதாருக்கு எதிரே போய், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கை கட்டி நின்றாள்.

“சாமி, ஒரு சந்தேகமுங்க.”

பெண்பிள்ளை வந்து பேசுகிறாளே என்று அவர் நிமிர்ந்தார். “என்ன அம்மிணி?”

“கோயல்ல ராகு காலத்துல ஒருத்தருக்குப் பரிவட்டங் கட்டுனா அது மொதல் மரியாதையில சேருமுங்களா?”

“ராகு காலத்துல ஆரு கட்டுவாங்க?”

“தெரியாத்தனமாக் கட்டிப்போட்டாங்கன்னு வெச்சுக்கங்க.”

“கட்டுனா அது வெறுந்துணி. மரியாதையில சேராது.”

“அப்பறம் நல்ல நேரத்துல கட்டறதுதானுங்க மொதலு?”

“பின்னெ?”

“அப்ப ராகு காலத்துல இதுல ஏறி எறங்குனாலும் ஏறாத மாதிரித்தானுங்களே சாமி? நாங்க பத்துப் பேரு போயிட்டு வந்தாலும் சேத்தியில்லீங்க. ஆறு மணிக்கு நீங்க ஏறுவீங்க பாருங்க, அதுதானுங்க மொதலு.”

 மிட்டாதார் கடிகாரத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பூசாரி யோசித்துவிட்டு, “ஞாயந்தானுங்க” என்று தலையாட்டினார். மிட்டாதாரின் முகம் மெல்ல மலர்ந்தது. தமக்கு முன்னால் பத்துப் பேர் ஏறி, விழுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் தமக்கும் நல்லதுதானே என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். பயந்தவனுக்குப் பயந்தவனைத் தெரியும்.

“செரியாத்தான் பேசுது புள்ள. போங்க, போங்க! சேத்தியில்லாத கூட்டமெல்லாம் வெசயா ஏறிக்கங்க!”

வரிசை ஆரவாரித்தது. எனக்குத்தான் காலுக்குக் கீழே காடு நழுவியது. ராகுவும் கைவிட்டான். “நாம்போயி கண்ணுசாமி கும்பிட்டுட்டு...” என்று என்னவோ உளறினேன். எந்தச் சாமி அது என்று எனக்கே தெரியாது.

“ஏனுங்க, வாங்க” என்றாள். கையைப் பிடித்தாள். எங்கள் ஊரில் பெண்சாதி புருஷன் கையை நாலு பேர் பார்க்கப் பிடிப்பதில்லை. அன்றைக்கு ஆயிரம் பேர் பார்க்கப் பிடித்தாள். இல்லாவிட்டால் ஓடியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

உட்கார்ந்தோம். பாய் வாரை இழுத்துக் கட்டினார். அவள் ஒரு துண்டைத் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பாய் முன்னால் போய் விசிறியைச் சுழற்றிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுமில்லை, ஏனென்றால் இரண்டையும் மூடிக்கொண்டுவிட்டேன். ஒரு பெரிய உறுமல், உதறல், உதறல், அப்புறம் திடீரென்று உதறலே இல்லை. அந்த உதறல் நின்றதுதான் பயங்கரம்.

அடுத்த நிமிஷம் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. பஸ்ஸில் தட்டுவதுபோல் விமானத்தின் பக்கவாட்டை அடித்து, “ஹோல்டான்! ஹோல்டான்! ஆளெறங்கோணும்!” என்று கத்தினேன். ஆகாயத்தில் நிறுத்தி ஆளிறக்கச் சொன்ன முதல் பிரயாணி நான்தான். அந்தப் பட்டத்தை மட்டும் எந்த மிட்டாதாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. பின்னால் இருந்த துரைக்குக் கையை ஆட்டிக் கீழே, கீழே என்று காட்டினேன். நான் குஷியில் கேட்கிறேன் என்று அவன் நினைத்து, விமானத்தை ஒருபக்கமாகச் சாய்த்தான். பழனிக்கு முடி நேர்ந்துகொண்டேன். திருச்செங்கோட்டுக்கு நேர்ந்துகொண்டேன். இன்னொரு சாய்ப்புக்குத் திருப்பதிக்கும் நேர்ந்துகொண்டேன். இருந்ததோ ஒரே தலை.

அவள் என் காதில் வாயை வைத்து, “கண்ணெத் தொறங்க! கண்ணெத் தொறங்க!” என்றாள். நான் திறக்கவில்லை. “கஞ்சமலை குனிஞ்சு கெடக்குதுங்க!” என்றாள்.  அவள் கை என் கைக்குள் இருந்தது.  திடீரென்று ஒரு தடவை இறுக்கினாள். பயத்தில் இறுக்கியது இல்லை. பயத்தின் பிடி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மறுபடியும் உதறல் வந்தபோது, நான் மண்ணுக்கு வந்துவிட்டேன் என்று என் எலும்புகள் சொல்லின. விமானம் நின்றது. கூட்டம் ஓடி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விரல்கள் முன்பலகையைப் பிடித்தபடி மரத்துவிட்டன.

“இறங்குய்யா!” என்று வக்கீல் சத்தம் போட்டார். “ஒரு சீட்டுக்கு ஒரு சுற்று! இன்னொரு சுற்று ஓசியில் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்! இது சட்டப்படி ஆக்கிரமிப்பு!”

“எடங் கெடச்சா உடமாட்டாங்களே இந்த ஓமலூர்க்காரங்க!” என்றார் வெற்றிலை வியாபாரி.

திண்டு கேட்டவரையும் நாற்காலி கேட்டவரையும் மூன்று பிள்ளைகளைத் திணிக்கப் பார்த்தவரையும் விட்டுவிட்டு, அன்றைய கூட்டத்திலேயே பேராசை பிடித்த பிரயாணி என்று ஊர் என்னைத்தான் திட்டியது. அவள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பாய் இடுப்பைப் பிடித்து என்னை இறக்கினார்.

அவள் இறங்கினாள். அந்தக் காட்சியை மட்டும் நான் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன். தலைத்துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. ஒருவரும் விலகு என்று சொல்லவில்லை. மேளம் இல்லை, குடை இல்லை. மிட்டாதார் வரும்போது விலகுகிற அதே ஆட்கள்தான் விலகினார்கள். அதில் ஒருத்தி, “மேலெ என்னுங்க அக்கா இருக்குது?” என்று கேட்டாள். “காத்துத்தான் அம்மிணி, ஏகமா இருக்குது” என்று என் பெண்சாதி சொல்லிவிட்டுப் போனாள். பூசணிச்சாறு காய்ந்த சட்டையோடு, தள்ளாடிக்கொண்டு, அவள் பின்னால் நான் போனேன். முதல் பரிவட்டம் கட்டிக்கொண்டவன்கூட என்னைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கமாட்டான்.

மற்றவர்களும் போய் வந்தார்கள். வக்கீல் இறங்கியதும் வாந்தி எடுத்தார், அது எந்தச் சட்டத்தில் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. சரியாக ஆறு மணிக்கு, தூரத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி, மேளம் முழங்க, மிட்டாதார் திண்டோடு ஏறினார். வெளிச்சம் மங்கிக்கொண்டே இருந்தது. மில்லுக்கு மேலே விமானம் நிற்கவில்லை. ஒரே ஒரு சுற்று, அவசர அவசரமாக இறங்கிவிட்டான் துரை. தலைப்பாகை எங்கேயோ பறந்துவிட்டிருந்தது. ஆனாலும் இறங்கியதும், “நாந்தாண்டா மொதலு!” என்றார். எல்லோரும் கைதட்டினோம். அவளும் தட்டினாள். பேச்சு மாறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

திரும்பி நடக்கும்போது, “தெரிஞ்சுதா புள்ள?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதுங்க.”

“ரெண்டு ஊடுமா?”

“நம்மூடு காலுக்குக் கீழெ. தெக்கால கஞ்சமலைக்கு அந்தாண்டை எங்கூரு. தெருவுல நூலு காயப்போட்டிருந்தாங்க, செவப்பா ஒரு கோடு.”

அத்தனை தூரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் எதைச் சொல்லி மறுப்பது?

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் துணிகளை மூட்டை கட்டி வைத்தாள். நான் வழக்கம்போல், “அவ்வளவு தொலவு...” என்று ஆரம்பித்தேன்.

அவள் வலது உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். கட்டைவிரல் அடியைத் தொட்டு, “இது நம்மூடு” என்றாள். சுண்டுவிரல் அடியைத் தொட்டு, “இது எங்காத்தா ஊடு. இதுல எங்கீங்க தொலவு? நாந்தான் பாத்தனே” என்றாள். ஒன்பது வருஷம் உழைத்த என் பதில் அன்றோடு செத்தது.

போனோம். ஆத்தா வாசலிலேயே இவளைப் பிடித்து நிறுத்தி, சேதி இங்கேயும் வந்துவிட்டது என்றாள். அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“அந்தரத்துல போனயாமா! பயமா இல்லையா சாமி?” என்று மகளின் கன்னத்தைத் தடவினாள் ஆத்தா.

என் பெண்சாதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அலறியதைச் சொல்லப்போகிறாள், ஹோல்டானைச் சொல்லப்போகிறாள், மூன்று மலைக்கும் நேர்ந்த ஒரு தலையைச் சொல்லப்போகிறாள் என்று நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

“பயமாத்தான் இருந்துது ஆத்தா. இவருதான் கையெப் புடிச்சுக்கிட்டுத் தகிரியஞ் சொல்லிக்கிட்டே வந்தாரு.”

தறிக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து எனக்குத் தம் முக்காலியைக் கொடுத்தார். வாய் தீராதவன் என்று பெயரெடுத்த நான் அன்று பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் உண்மை வந்துவிடும் என்ற பயத்தில். இப்போது எழுதிவிட்டேன். படித்துக் காட்டினால் அவள் திட்டுவாள்.